பழைய பிரெஞ்சுப் படை ரைபிள் வாங்குவோருக்கு: முத்திரைகளைப் படிக்கும் முறை

கிரா என்பது பழைய பிரெஞ்சுப் படை ரைபிள்களில் ஒன்று; என் கைக்கு வந்த முதல் கிராவை நான் போலி என்று தீர்ப்பளித்து, விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். 1874ஆம் ஆண்டு மாதிரி என்று அவர் சொன்ன அந்தத் துப்பாக்கியின் குழலில் 1868 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. மாதிரி பிறப்பதற்கு ஆறு ஆண்டு முன்னரே குழல் எப்படிப் பிறந்திருக்கும் என்பது என் வாதம். அடுத்த மாதம் பளபளப்பான வேறொன்றை நம்பி வாங்கி, வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது குழலில் ஓர் எண்ணும், குழலின் பின்வாயை மூடும் போல்ட்டில் வேறோர் எண்ணும், மரக்கட்டையில் மூன்றாவது எண்ணும் இருந்தன. நல்லதைத் தள்ளிவிட்டு ஒட்டுப்போட்டதை வாங்கிய அந்த அனுபவத்தின் பயனே இந்த விளக்கம். பிரான்சில் வசித்துக்கொண்டு வாங்குவோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: உள்ளே வெடிமருந்து இல்லை என்பதை உறுதி செய்தல்

வாய்வழியாக மருந்து நிரப்பும் பழைய மஸ்கட்டுகளில், கடைசியாக வைத்திருந்தவர் நிரப்பிய மருந்தும் குண்டும் நூறாண்டுக்கு மேலாக அப்படியே கிடப்பதுண்டு. மெல்லிய மரக்கோல் ஒன்றைக் குழலின் அடிவரை செலுத்தி, வாயருகே பென்சிலால் கோடிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, பொறி உட்புகும் துளையை ஏறத்தாழ எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை முன்னரே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்க நீங்கள் முயலாமல் துப்பாக்கித் தொழிலாளரிடம் கொடுத்துவிடுங்கள். லெபெல் என்ற பிற்காலப் பிரெஞ்சு ரைபிளில் குழலுக்கு அடியில் எட்டுத் தோட்டா கொள்ளும் நீண்ட குழாய் இருப்பதால், போல்ட்டைத் திறந்து, தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைப் பார்ப்பது மட்டும் போதாது.

இரண்டாம் படி: எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்தல்

இதை விரைவாகக் கடந்துவிடலாம். 1866இன் ஷாஸ்போ காகிதத் தோட்டாவை ஊசியால் குத்திச் சுடுவது. 1874இன் கிரா அதே உடலமைப்பில் உலோகத் தோட்டாவுக்கு மாறியது. 1886இன் லெபெல் புகையற்ற வெடிமருந்துக்கென வடிவமைக்கப்பட்ட 8 மில்லிமீட்டர் ரைபிள். தொடக்கநிலையினருக்கு நான் கிராவைத்தான் பரிந்துரைப்பேன். ஷாஸ்போவில் ஊசியும், வாயுவை அடைக்கும் ரப்பர் வளையமும் பெரும்பாலும் ஒடிந்தோ உளுத்தோ போயிருக்கும். லெபெல்லோ இருபதாம் நூற்றாண்டிலும் திருத்தப்பட்டுக்கொண்டே வந்ததால், அதன் மேல் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் கதை உண்டு.

மூன்றாம் படி: ஆட்சியைப் படித்தல்

பிரெஞ்சு அரசு ஆலைகள் தங்கள் பெயரோடு ஆட்சியின் பெயரையும் பொறித்தன. 'மனுஃபக்துர் ருவாயால்' (அரச ஆலை) என்றிருந்தால் மன்னராட்சி, அதாவது பெரும்பாலும் 1848க்கு முன். 'நாசியோனால்' என்றால் அதைத் தொடர்ந்த குறுகிய குடியரசுக் காலம். 'அம்பெரியால்' என்றால், இந்த ரைபிள்களைப் பொறுத்தவரை, மூன்றாம் நெப்போலியன் பேரரசராக இருந்த 1852 முதல் 1870 வரை. பேரரசு வீழ்ந்த பிறகு 'மனுஃபக்துர் தார்ம்' (ஆயுத ஆலை) என்ற பெயரே நிலைத்தது. மஸ்கட்டுகளில் இந்த எழுத்துகள் விசைப்பொறியின் தட்டில் இருக்கும்; மாதிரியின் ஆண்டு குழலின் வால்பகுதியில் தனியே இருக்கும். அந்த ஆண்டை அடுத்து 'டி' (T) என்ற எழுத்து வந்தால், சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கிய துப்பாக்கி பின்னர் தொப்பி போன்ற சிறு வெடியால் இயங்குமாறு மாற்றப்பட்டது என்று பொருள்.

ஆலையின் பெயரும் காலத்தைச் சொல்லும். ஷார்ல்வீல் ஆலை 1836இல் மூடப்பட்டது. அல்சாஸ் பகுதியில் இருந்த முட்சிக் ஆலை ஜெர்மானியர்களுடனான 1870–71 போரோடு பிரான்சின் கையை விட்டுப் போனது. சேந்த்-எத்தியேன், ஷாத்தெல்ரோ, துயூல் ஆகிய மூன்றுமே அதன் பிறகும் தொடர்ந்தவை.

நான்காம் படி: நான் தடுக்கி விழுந்த இடம்

போருக்குப் பிறகு பிரான்சின் கையில் ஏராளமான ஷாஸ்போக்கள் இருந்தன. பசீல் கிரா என்ற அதிகாரி வகுத்த முறையின் சிறப்பே, புதிய ரைபிள்களைச் செய்வதோடு பழையவற்றையும் உலோகத் தோட்டாவுக்கு மாற்ற முடிந்ததுதான். காகிதத் தோட்டாவுக்காக அகலமாக இருந்த அறைக்குள் உலோகச் செருகல் ஒன்றைப் பொருத்தி, அதில் புதிய அறையைக் கடைந்து, புதிய போல்ட்டை இட்டார்கள். அப்படி மாற்றியவற்றில் மாதிரியின் பெயர் 1866-74 என்றிருக்கும். ஆகவே குழலில் பேரரசுக் காலத்து ஆண்டும், போல்ட்டில் குடியரசுக் காலத்து வேலையும் ஒன்றாக இருப்பது போலியின் அடையாளம் அன்று. அதுவே அந்த ரைபிளின் வாழ்க்கை வரலாறு. முட்சிக் ஆலையின் பெயர் தாங்கிய கிரா கிடைத்தால், அது மாற்றப்பட்ட ஷாஸ்போவாகத்தான் இருக்க முடியும் என்பதையும் இதிலிருந்தே உணரலாம். போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு அறைக்குள் சிறு டார்ச்சைப் பாய்ச்சினால், செருகலின் விளிம்பு மெல்லிய வட்டக் கோடாகத் தெரிவதுண்டு.

இதே இடத்தில் ஏமாற வைக்கும் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'எம்.80' என்ற முத்திரையை 1880இல் செய்யப்பட்டது என்று நான் படித்துக்கொண்டிருந்தேன். அது செய்த ஆண்டன்று. தோட்டா கிழிந்தால் வாயு சுடுபவரின் முகத்தைத் தாக்காமல் வெளியேற, 1880இல் வகுக்கப்பட்ட திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கான குறி. லெபெல்லில் காணப்படும் 'எம்.93' என்பதும் அதே வகையைச் சேர்ந்தது. செய்த ஆண்டை அறியக் குழலின் பின்பகுதியைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: எண்களை ஒப்பிடுதல்

ஓர் எழுத்தும் அதைத் தொடரும் எண்ணுமே ரைபிளின் பதிவெண். குழல், போல்ட், மரக்கட்டை மூன்றிலும் அது ஒன்றாக இருந்தால் விலை பேசத் தொடங்குங்கள். குழலுக்கு அடியில் செருகியிருக்கும் சுத்தக் கோலிலும் இருந்தால் மகிழுங்கள். கட்டையின் வலப்பக்கத்தில் மாதத்தையும் ஆண்டையும் காட்டும் வட்ட முத்திரை இருந்த இடம் வழவழப்பாக இருந்தால், யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். தேய்ந்த முத்திரையைப் படிக்கச் சிலர் சுண்ணக்கட்டித் தூளைத் தடவுவார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. இருட்டறையில் டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நிழலே எழுத்தைக் காட்டிவிடும்.

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட்டைத் தனியே வாங்கினால், கிராவின் பயனெட்டில் அலகின் முதுகுப்புறத்தில் ஆலையின் பெயரும் மாதமும் ஆண்டும் கையெழுத்துப் போன்ற சாய்ந்த வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். பயனெட்டின் எண்ணும் உறையின் எண்ணும் ஒத்திருப்பது அரிது. ஒத்திருந்தால் தயங்காமல் வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: சட்டம்

பிரான்சில் 2013 செப்டம்பர் முதல், 1900 ஜனவரி 1ஆம் தேதிக்கு முற்பட்ட மாதிரிகள், விலக்காகப் பட்டியலிடப்பட்டவை தவிர, 'டி' (D) பிரிவில் வருகின்றன. 18 வயது நிறைந்தவர் வைத்திருக்கலாம். புதுச்சேரியில் உள்ள வீட்டுச் சுவரில் மாட்டலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். இந்திய ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருள்களுக்கே விலக்களிக்கிறது. சுடக்கூடிய நிலையில் உள்ள கிராவை அங்கே எடுத்துச் செல்லும் எண்ணத்தை விட்டுவிடுமாறு சொன்னேன்.

ஏழாம் படி: துடைத்தல், அவ்வளவே

பித்தளை மெருகேற்றும் பசையை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். மெல்லிய எண்ணெய் தோய்த்த பருத்தித் துணி, எழும்பி நிற்கும் செந்துருவுக்கு மட்டும் மிக நுண்ணிய எஃகுப் பஞ்சு, கடைசியில் நுண்படிக மெழுகு ஒரு பூச்சு ஆகியவை போதும். கருத்துப்போன பழைய நிறம் துரு அன்று, அதைத் தொடாதீர்கள். நல்ல திருப்புளிக்குத் தாராளமாகச் செலவழியுங்கள்: ஆப்பு வடிவில் கூர்ந்து செல்லும் சாதாரணத் திருப்புளி, பழைய திருகுகளின் ஒடுங்கிய வெட்டைக் கிழித்துவிடும், பக்கங்கள் இணையாகச் சீவப்பட்ட முனையே வேண்டும்.

பின்சேர்க்கை: தன்னிடம் உள்ள ஷாஸ்போ குட்டையாக இருப்பதால் யாரோ அறுத்துவிட்டார்கள் என்று கருதி, அதை மிகக் குறைந்த விலைக்கு விற்கப்போவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் பிரெஞ்சுக்காரர்களே குறுங்குழல் வகைகளைச் செய்தார்கள். 1870–71 போரில் கைப்பற்றிய ஷாஸ்போக்களை ஜெர்மானியர்கள் குட்டையாக்கி, தங்கள் 11 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு மாற்றிக் குதிரைப்படைக்குக் கொடுத்ததும் உண்டு. போல்ட்டின் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா, ஜெர்மானியக் கிரீட முத்திரைகள் எங்கேனும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு விலை சொல்லுமாறு அவருக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன்.