கணவரைத் தேர்ந்தெடுக்கும் முன்: மறுத்துப் பார்க்க வேண்டிய படி

பிடித்திருக்கிறதா, பேச்சு ஒத்துப்போகிறதா என்பதை நீங்களே அறிவீர்கள். ஆகையால் அவற்றைத் தாண்டியே தொடங்குகிறேன்.

படி 1. வேலை, குழந்தை, வசிக்கும் இடம், பெற்றோரைப் பராமரித்தல் ஆகியவற்றில் உங்களால் விட்டுக்கொடுக்க முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள். இதற்குச் செயலிகளைவிடச் சாதாரண நோட்டுப் புத்தகமே மேல் என்பது என் கருத்து. ஆயத்தக் கேள்விப்பட்டியல்களில் உங்களுடைய கேள்விகள் காணாமற்போய்விடும்.

படி 2. வருமானத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். கடனையும், பிறருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தையும் விசாரிப்பவர் குறைவு. உங்களுடையதை முதலில் சொல்லிவிட்டு அவருடையதைக் கேளுங்கள்.

படி 3. என்னை நெடுநாள் நிறுத்தி வைத்த படி இது. எல்லாவற்றுக்கும் தலையாட்டும் வரை எவரும் இனிமையாகவே இருப்பார் என்பதால், சிறிய விஷயம் ஒன்றில் உண்மையிலேயே உடன்பாடில்லாதபோது அதை விழுங்கிவிடாமல் மறுத்துச் சொல்லுங்கள். பொய்யாகச் சோதனை வைக்க வேண்டியதில்லை. அவர் குறித்த நாள் உங்களுக்கு ஒத்துவராது என்பதே போதும். அவர் முகம் வாடுவது இயல்பு. காரணம் கேட்டு வேறு நாள் பார்க்கிறாரா, பேசாமல் இருந்து தண்டிக்கிறாரா, நண்பர்கள் முன்னிலையில் அதையே கேலியாக்குகிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தம்பதியரின் உரையாடல்களைப் பல்லாண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், மணமுறிவை முன்னுணர்த்தும் அறிகுறிகளில் ஏளனத்தையே முதன்மையாகக் குறிப்பிடுகிறார். மறுத்துச் சொல்வதை நேரிலோ தொலைபேசியிலோ செய்யுங்கள். குறுஞ்செய்தியில் எவரும் யோசித்துத் திருத்தி எழுதிவிட முடியும்.

படி 4. இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவருமே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு அந்நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு.

பின்சேர்க்கை: என்னிடம் மட்டும் பொறுமையாக இருக்கிறார், அதை நம்பலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அவருக்குக் கீழே பணிபுரிபவரோ அவருடைய தங்கையோ மறுக்கும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். அங்கே அவருக்கு உங்கள் மனத்தைக் கவரும் அவசியம் இல்லை.

உடனே பதில் சொல்லும்படி நெருக்குகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. மணமக்கள் இருவரின் முழுமையான, சுதந்திரமான சம்மதத்துடனேயே திருமணம் நடக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் 16ஆம் உறுப்பில் கூறுகிறது. எனவே தயங்காமல் அவகாசம் கேளுங்கள். அதற்கு அவர் தரும் பதிலையும் மூன்றாம் படியின் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.