படிவம் ஒன்று ஆங்கில வகுப்பில் நான் மாற்றியது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியை நான். தமிழர், சீனர், மலாய்க்காரர், தெமியார் பூர்வக்குடி எல்லாரும் ஒரே வகுப்பு, ஆனால் மேசைகள் மட்டும் இன வாரியாகத் தானாகவே பிரிந்துவிடும். 2018-இல் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-க்கு வந்த பாடநூலோ வெளிநாட்டுப் பதிப்பு; அதில் இவர்கள் யாருடைய வீடும் இல்லை.

நூலைத் தள்ளவில்லை, இலக்கணத்தை அதிலிருந்தே எடுத்துக்கொண்டேன். இறந்தகாலப் பாடம் வந்தபோது தாய்மொழி வேறான இருவரை ஜோடி சேர்த்து, ஒருவர் வீட்டுப் பெரியவர் முன்பு செய்த வேலையை மற்றவர் ஆங்கிலத்தில் கேட்டு எழுத வேண்டும் என்றேன். இடையிடையே மலாய்க்கு நழுவத்தான் செய்தார்கள், சரி, முதல் சுற்றுக்கு விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு சீன மாணவி, தோழியின் பாட்டி விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனது, பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து ரப்பர் பால் எடுத்தது எல்லாவற்றையும் எழுதிவிட்டு, மழை பெய்தால் சம்பளம் உண்டா என்று கேட்டாள். தோழிக்கே தெரியாது, வீட்டில் கேட்டுவந்து மறுநாள் சொன்னாள், அதுவும் முழு ஆங்கில வாக்கியத்தில்!

ஒன்று மட்டும்: தெமியார் பிள்ளைகளிடம் பழக்கவழக்கத்தையே கேட்டுக் காட்சிப்பொருளாக்கிவிடாதீர்கள், கேள்வி கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கும் வர வேண்டும்.