லைப்ரரியன் ஆகணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

டிகிரி முடிச்சிட்டு லைப்ரரி சயின்ஸ் படிக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். "புக்கை எடுத்துக் குடுக்கிறதுக்கு ஒரு படிப்பா"ன்னு வீட்ல கேப்பாங்க. 1924ல சென்னைப் பல்கலைக்கழக லைப்ரரியன் ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன் அதுவரைக்கும் கணக்கு வாத்தியார், வேலை கத்துக்க லண்டன் வரைக்கும் போனாரு. திரும்பி வந்தப்புறம் 1928ல சென்னை நூலகச் சங்கம், அடுத்த வருஷமே அது நடத்துன பயிற்சி வகுப்பு, 1931ல அதைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கிச்சு, 1948ல மெட்ராஸ் பொது நூலகச் சட்டம். இன்னிக்கு நாம வீட்டு வரியோட நூலக வரி கட்டுறோம்ல, அந்தச் சட்டத்தாலதான்.

எந்த டிகிரி இருந்தாலும் லைப்ரரி சயின்ஸ்ல இளநிலைப் படிப்பான பி.லிப் சேரலாம், ஒரு வருஷம், தபால்லயும் இருக்கு. காலேஜ் வேலைன்னா அதுக்கு அடுத்த எம்.லிப் முடிச்சு நெட்ங்கிற தகுதித் தேர்வு எழுதணும். அரசு நூலகப் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எக்ஸாம் வைக்குது, நோட்டிஃபிகேஷன் அடிக்கடி வராது, கண்ணு வச்சிட்டே இருங்க.

ஆனா சேர்றதுக்கு முன்னாடி பக்கத்து கிளை நூலகத்துல கேட்டு ஒரு மாசம் கூடமாட வேலை செஞ்சு பாருங்க. புது புக் வந்தா முதல்ல அக்செஷன் ரிஜிஸ்டர்ல வரிசை நம்பர் போடணும், அந்த நம்பர் வேற எந்த புக்குக்கும் போகாது, அப்புறம் முத்திரை, முதுகுல லேபிள், தேதி ஸ்லிப். இதெல்லாம் ரெண்டே நாள்ல கை பழகிரும்.

கஷ்டம் வகைப்படுத்துறதுலதான். நெல்லுல வர்ற பூச்சி பத்தி ஒரு புக் வருதுன்னு வைங்க, புக்குக்கு பாடவாரியா நம்பர் குடுக்கிற டூயி முறைப்படி செடி நோய், பூச்சிக்கெல்லாம் 632, நெல்லுக்கு 633.18, எதுல வைப்பீங்க? நெல்லோடதான் வைக்கணும், ஏன்னா தேடி வர்ற விவசாயி நெல் புக் எங்கன்னுதான் கேப்பாரு, அவரை ரெண்டு அலமாரிக்கு அலைய விடக்கூடாது. வாசகர் நேரத்தை மிச்சப்படுத்துன்னு ரங்கநாதன் 1931ல எழுதுன அஞ்சு நூலக விதிகள்ல நாலாவது இதான், எனக்கு இந்தத் தொழில்ல ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதான்.

கூடவே கோஹாங்கிற நூலக சாஃப்ட்வேர் பழகிக்கோங்க, இலவசம்தான், நிறைய காலேஜ்ல அதான் ஓடுது. லேப்டாப்ல போட்டு, வீட்ல இருக்கிற 50 புக்கை கேட்டலாக் பண்ணிப் பாருங்க, தமிழ் நாவல்னா டூயி நம்பர் 894.8113ல ஆரம்பிங்க.