கோயிலில் குனிந்து பார்ப்பது எப்படி

சாமி கும்பிட்டாச்சு, விபூதி வாங்கியாச்சு, தூக்குவாளியில் கொண்டுவந்த புளியோதரையும் தீர்ந்தாச்சு, வண்டி கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் கோயில்களில் இருக்கிற சிரிப்பான சமாச்சாரம் எதுவும் சந்நிதிக்கு நேரே இருக்காது. முழங்கால் உயரத்தில் இருக்கும், கொடுங்கைக்கு (கூரையின் வளைந்த விளிம்புக்கு) அடியில் இருக்கும், தூணின் பின்பக்கம் இருக்கும், படிக்கட்டின் ஓரத்தில் இருக்கும். அதனால்தான் ஆயிரம் பேர் போய்வந்த இடத்தில் தொள்ளாயிரம் பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழகுவதற்கு நல்ல இடம் மாமல்லபுரம். என்னை ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப்போனார்கள், பாறையில் செதுக்கிய பெரிய யானைக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், எண்ணிப் பார்த்து பஸ்ஸில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். அந்த யானையின் காலடியிலேயே ஒரு பூனை நின்றுகொண்டிருந்தது என்பது எனக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதனால் உங்களுக்கு முதல் பயிற்சி அந்தப் பூனைதான்.

காலையில் போங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கைப் பார்த்து இருப்பதால் இளவெயில் நேராக அதன்மேல் விழும், மதியத்துக்கு மேல் பாறை முகம் நிழலுக்குள் போய் எல்லா உருவமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். முதலில் நன்றாகத் தள்ளி நின்று மொத்தத்தையும் பாருங்கள். நடுவில் பிளவு, அதில் மேலே ஏறிவரும் நாகர்கள், இரண்டு பக்கமிருந்தும் அதை நோக்கி வருகிற தேவர்கள், வேடர்கள், விலங்குகள். பிளவுக்கு இடப்பக்கம் ஒருவர் எலும்பும் தோலுமாக ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறார். அவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நமக்கு அது வேண்டாம். அவர் நிற்கிற நிலையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் பெரிய யானைக்கு வாருங்கள், தும்பிக்கைக்குப் பக்கத்தில் கீழே குனியுங்கள். அதே நிலையில், பின்கால்களில் எழுந்து நின்று, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, பக்தி சொட்டச் சொட்ட ஒரு பூனை! சுற்றிலும் எலிகள், அதைக் கும்பிட்டுக்கொண்டு.

ருத்திராட்சப் பூனை என்று நாம் திட்டுகிறோமே, அது இதுதான். கதை மகாபாரதத்திலேயே இருக்கிறது. போர் தொடங்குவதற்கு முன்னால் துரியோதனன் உலூகனைத் தூதனுப்பி, ‘நீயும் அந்தப் பூனை மாதிரிதான்’ என்று தருமரைக் குத்திக்காட்டச் சொல்கிற இடத்தில் வரும். கங்கைக்கரையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பூனையை நம்பி எலிகள் அதையே தங்களுக்குக் காவலாக வைத்துக்கொள்கின்றன. பூனை நாளுக்கு நாள் கொழுக்கிறது, எலிகள் நாளுக்கு நாள் குறைகின்றன. கடைசியில் விவரமான ஒரு எலி, பழமும் கிழங்கும் தின்கிற தபசியின் கழிவில் மயிர் எப்படி வந்தது என்று கேட்கிறது. தடயவியல் நிபுணர் கெட்டார். ஆனால் எனக்கு இதில் பிடித்தது கதையைவிட சிற்பியின் துணிச்சல். அரசன் காசில், ஏழாம் நூற்றாண்டில், ஒரு மகா தபசியைச் செதுக்கிவிட்டு, அதே பாறையில் அந்தத் தவத்துக்கு ஒரு கேலிப் பிரதியையும் செதுக்கிவைத்திருக்கிறார்.

இதிலிருந்து ஒரு உத்தி கிடைக்கிறது: பெரிய உருவம் ஒன்றைப் பார்த்தால், அதே சாயலில் ஒரு சின்ன உருவம் பக்கத்தில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். எப்போதும் இருக்காது, இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

அதே பாறையில் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிற மான் இருக்கிறது, பெரிய யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் இருக்கின்றன. அருகிலேயே தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம், ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்க, குட்டி பாட்டுக்குப் பால் குடிக்கிறது. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்குகிற பசு. இவற்றுக்கெல்லாம் விளக்கமே தேவையில்லை, செதுக்கியவர் வீட்டில் மாடு இருந்திருக்கும்.

மாமல்லபுரத்திலேயே ஐந்து ரதத்தில் இருக்கிற யானைக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும். அங்கே நகுல சகாதேவ ரதம் என்று சொல்கிற கோயிலின் பின்புறம் வளைந்து, படுத்திருக்கிற யானையின் முதுகு மாதிரி இருக்கும். இந்த வகைக் கட்டடத்துக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்றே பெயர். அதற்குப் பக்கத்திலேயே ஒரு முழு யானையை ஒற்றைக்கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எல்லோரும் யானையின் முகத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் பின்னால் போங்கள், யானையின் பின்புறத்தையும் கோயிலின் பின்புறத்தையும் ஒரே பார்வையில் பாருங்கள். இது வேண்டுமென்றே செய்த சிலேடை என்பதுதான் என் கட்சி.

சரி, பூனை கிடைத்துவிட்டதா? அடுத்து தாராசுரம். கும்பகோணத்துக்குப் பக்கம், ஐராவதேசுவரர் கோயில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. இங்கே காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்கிற சிற்பம் ஒன்று இருக்கிறது. இதைப் பார்க்க உங்கள் உள்ளங்கை போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தூர நீட்டி, ஒரு பக்க உடலை மறையுங்கள், காளை. மறுபக்க உடலை மறையுங்கள், யானை. சிற்பத்தின்மேல் கை வைக்காதீர்கள், காற்றில் வைத்து மறைத்தாலே போதும். இந்த விளையாட்டை வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலிலும் பார்க்கலாம். சோழர்கள் கண்டுபிடித்தது என்று யாராவது மார்தட்டினால் அஜந்தாவுக்கு அனுப்பிவையுங்கள்; அங்கே முதலாம் குகைத் தூண் ஒன்றில் நான்கு மான்களுக்கு ஒரே தலை, அது ஐந்தாம் நூற்றாண்டு வேலை.

தாராசுரத்தில் நந்திக்குப் பக்கத்தில் தட்டினால் ஒலி எழுப்பும் படிகளும் இருக்கின்றன, இப்போது கம்பியடைத்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நாணயத்தால் தட்டிப் பார்த்தால் வேறென்ன செய்வார்கள். இசைத்தூண் உள்ள எந்தக் கோயிலுக்குப் போனாலும் நீங்கள் தட்டாதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டபத்துக்குள் இருட்டாக இருக்கும், உடனே போன் டார்ச்சைத் தூணுக்கு நேராக அடிப்போம், எண்ணெய்ப் பிசுக்கு பளபளக்குமே தவிர ஒன்றும் தெரியாது. டார்ச்சைத் தூணை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், ஒரு விரல் ஆழம்கூட இல்லாத உருவம் திடீரென்று நிழலோடு எழுந்து நிற்கும். படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சாக்பீஸால் கோடு தீட்டுவது, தண்ணீர் தெளிப்பது, எண்ணெய் தடவுவது, இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தாலும் செய்ய வேண்டாம்.

இனி அண்ணாந்து பார்க்க வேண்டிய இடங்கள். கோயில் சுவர் முடிந்து கொடுங்கை தொடங்குகிற இடத்துக்குக் கீழே குள்ளக் குள்ளமாக ஒரு வரிசை ஓடும், அதற்குப் பூதவரி என்று பெயர். சிவகணங்கள்தான். ஆனால் பாருங்கள், ஒருவர் மத்தளம் அடிக்கிறார், ஒருவர் சங்கு ஊதுகிறார், ஒருவர் வக்கணை காட்டுகிறார், ஒருவருக்கு வயிற்றிலேயே முகம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி இருக்கும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் புள்ளமங்கை என்று ஒரு சின்ன ஊர், அங்கே முற்காலச் சோழர் கோயில் ஒன்று இருக்கிறது. பூதகணங்களுக்காக மட்டுமே ஒரு காலை நேரத்தை அங்கே செலவழிக்கலாம். கழுத்து வலித்தால் குனிந்துகொள்ளுங்கள், அடித்தளத்தில் உள்ளங்கை அளவுக் கல்லில் ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. ஒரு மலிவான பைனாகுலர் இருந்தால் நல்லது. எனக்கு இதில் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு, பெரிய கோயிலின் விமானத்தைவிட இந்தக் குட்டிச் சதுரங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

யாளியைப் பார்க்கும்போது மொத்தமாகப் பார்க்காமல் உதிரி உதிரியாகப் பிரியுங்கள், சிங்க உடல், யானைத் தும்பிக்கை, ஆட்டுக் கொம்பு, எது எங்கிருந்து வந்தது என்று. வாயைத் திறந்திருக்கும் யாளி என்றால் உள்ளே கல் உருண்டை இருக்கிறதா பாருங்கள். உருளும், வெளியே வராது, ஏனென்றால் அது உள்ளே போட்டதல்ல. அதே கல்லில் பல்லிடுக்கு வழியாக உளியை விட்டுச் செதுக்கிப் பிரித்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்கும் கற்சங்கிலியும் இதே வேலைதான். அங்கேயே பல்லி தரிசனமும் உண்டு, கூரையில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. அவற்றைத் தொட்டால் மேலே பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது நம்பிக்கை. எங்கள் அத்தை இரண்டு தடவை போய்வந்தார், பல்லி இன்னும் அவர்மேல்தான் விழுகிறது.

நடந்து பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு, சேலம் மாவட்டம் தாரமங்கலத்தில் கைலாசநாதர் கோயில். ஒரு தூணில் ராமன் வில்லோடு மறைந்து நிற்கிறான், தள்ளி இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். ராமன் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி தூணருகே போய் நின்று திரும்பிப் பாருங்கள், ராமன் தெரிய மாட்டான். மறைந்திருந்து அம்பு விட்டது சரியா என்று பட்டிமன்றத்தில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருப்பீர்கள். வாலி பக்கம் பேசப் போகிறவர்கள் இந்தத் தூணருகே ஒருதரம் நின்றுவிட்டுப் போகலாம்.

இப்போது ஒரு எச்சரிக்கை. இந்தப் பழக்கம் வந்த நாளிலிருந்து உங்கள் வாட்ஸ்அப்பில் அதிசயங்கள் வந்து குவியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள், ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள், தாராளமாக விழுகிறது. அதே விமானத்தின் வடபக்கம் தொப்பிக்காரர் ஒருவர் இருக்கிறார், அதை வைத்து வெள்ளைக்காரன் வரப்போவது ராஜராஜனுக்கு முன்பே தெரியும் என்று ஒரு கதை. விமானம் முடிந்தது 1010இல். தஞ்சை நாயக்கரிடம் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைப் பெற்றது 1620இல். தொப்பி போட்டவர்கள் ஊருக்குள் நடமாடத் தொடங்கிய பிறகு யாரோ சேர்த்த உருவம் அது என்பதுதான் ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது, பொருந்துவதும் அதுதான்.

உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயிலின் சைக்கிள் இதைவிடப் பிரபலம். சைக்கிளில் ஒரு ஆள், கல்லில். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் சைக்கிள் ஓட்டினான் என்று அதற்கு வசனம் வேறு. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றுகிற, இரண்டும் ஏறக்குறைய சம அளவுச் சக்கரங்கள் கொண்ட சைக்கிள் சந்தைக்கு வந்ததே 1885இல்தான். கடந்த நூற்றாண்டில் அந்தக் கோயிலில் திருப்பணி நடந்தது, அப்போது தெருவில் சைக்கிள் புதுசு. சிற்பி பார்த்து அசந்திருக்கிறார், செதுக்கிவிட்டார். மூக்கு சொறிகிற மானைச் செதுக்கியவரும் இதைத்தானே செய்தார்? பொய்க்கதையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் எனக்கு அந்தச் சைக்கிள் இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது.

ஆக, வியப்பாக ஒன்றைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லா, சுதையா (சுண்ணாம்புச் சாந்தில் செய்ததா)? சுதை என்றால் திருப்பணிதோறும் புதுப்பிப்பார்கள், வயது சொல்ல முடியாது. பக்கத்து உருவங்களோடு அதன் உளிவேலை ஒத்துப்போகிறதா? அந்தக் கோயிலில் கடைசியாக எப்போது திருப்பணி நடந்தது? மூன்றாவதற்கு விடை பெரும்பாலும் வாசலில் உள்ள கல்வெட்டுப் பலகையிலேயே இருக்கும், உபயதாரர் பெயர்களுக்கு நடுவில் தேட வேண்டும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள்: நிறைய கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், சாத்தாவிட்டாலும் வெறுங்காலோடு உச்சிவெயிலில் கருங்கல் தரையில் நிற்க முடியாது. முடிந்தால் கூடவே ஒரு குழந்தையை அழைத்துப்போங்கள், அதன் கண் ஏற்கெனவே முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சிவன் கோயில் தூணின் பின்பக்கம் ஒரு குரங்கு உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருப்பதை அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள், அவளுக்கு அப்போது ஐந்து வயது. நாற்பது வருடமாக அந்தத் தூணைச் சுற்றிவருகிற குருக்கள் நம்பவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு வந்து பக்கவாட்டில் பிடித்து, குனிந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, “கையில வச்சிருக்கிறது பலாச்சுளையா, மாம்பழமா?” என்றார். அதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.