ராணி இல்லாத தேனீப் பெட்டிக்குப் புது ராணி: என் அனுபவம்

பட்டுக்கோட்டைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் இந்தியத் தேனீக்குச் சோதனை. பழைய ராணி செத்து, கன்னி ராணி பொரித்தாலும் இணை சேரப் பறக்க முடியாது. அதனால் மழைக்காலத்தில் ராணி அறையை, அதாவது புது ராணி வளரும் மெழுகு அறையை, ஒட்டிக் கொடுப்பதில்லை. முட்டையிடும் ராணியையே தேடுகிறேன்.

ராணி கண்ணில் படவில்லை என்பது போதாது. முட்டையும் இளம்புழுவும் இல்லையா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால், வேறு பெட்டியிலிருந்து முட்டையுள்ள அடையோடு ஒரு சட்டத்தை வையுங்கள். இரண்டு மூன்று நாளில் அதில் ராணி அறை கட்டினால் ராணி இல்லை.

ஓர் அறையில் பல முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீயே முட்டையிடத் தொடங்கிவிட்டது. இந்தியத் தேனீயில் இது சீக்கிரமே நடக்கும். அந்தக் கூட்டம் புது ராணியைப் பெரும்பாலும் கொன்றுவிடும். ராணியை வீணாக்காமல், துளையிட்ட செய்தித்தாளை நடுவே வைத்து வலுவான பெட்டியோடு சேர்ப்பதே நல்லது.

அந்த நிலை வரவில்லையென்றால், முதலில் எல்லா ராணி அறைகளையும் கிள்ளி எறியுங்கள். ஒன்று தப்பினாலும் கூட்டம் புது ராணியை ஏற்காமல் போகலாம். பொடித்த சர்க்கரையைத் தேனில் கெட்டியாகப் பிசைந்து புது ராணியை விட்ட சிறு கூண்டின் வாயை அடைத்து (தேனீக்கள் அதைத் தின்று ராணியை வெளியே விடும்), புழு உள்ள இரு அடைகளுக்கிடையே அந்தியில் செருகுங்கள். கூடவே சர்க்கரையும் தண்ணீரும் சமபங்கு கலந்த பாகு கொடுங்கள். அடிக்கடி திறந்தால் ராணியைச் சூழ்ந்து நெருக்கும். கூட்டமே ஓடிப்போகவும் கூடும். ஒரு வாரம் கழித்து முட்டையை மட்டும் பார்த்து மூடிவிடுங்கள். தேனீ மொய்க்காத காலி அடைகளை அன்றே எடுத்துவிடுங்கள், மெழுகுப்பூச்சி அங்கேதான் முதலில் ஏறும்.