அமைதி தேடிச் செபிக்கையில் நாம் விடும் பிழைகள்

அம்மாவின் செபமாலை தங்கூசியில், அதாவது வலைக்குப் பாவிக்கும் நைலோன் நூலில், கோத்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து செட்டிகுளம் முகாம் வரைக்கும் அது அம்மாவின் சேலைத் தலைப்பு முடிச்சுக்குள் வந்தது. வழியில் எங்கேயோ சங்கிலி அறுந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு, வலை பொத்த வைத்திருந்த தங்கூசியில் அப்பா மணிகளை எண்ணிக் கோத்துக் கொடுத்தார். பத்துப் பத்தாக வரும் மணிகளில், மூன்றாம் பத்தில் ஒரு மணி குறைந்தது. அந்த இடத்தில் தங்கூசி வெறுமையாகக் கிடக்கும். அம்மா ஒவ்வொரு இரவும் அந்த வெற்று நூலை விரலால் பிடித்துக்கொண்டு பத்தாவது அருள் நிறை மரியாயைச் சொல்லுவார்.

எங்கள் கோவிலில் மறைக்கல்வி படிப்பிக்கிறவன் என்பதால், பூசை முடிந்து மர நிழலில் நிற்கும்போது சிலர் என்னிடம் கேட்பார்கள்: "நாளாந்தம் செபிக்கிறன், பூசைக்கும் வாறன். ஏன் மனதிலே சமாதானம் இல்லை?" கேட்பவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் இல்லை. செபத்திடம் எதைக் கேட்பது என்பதில்தான் எங்கேயோ ஒரு பிழை விட்டிருப்பார்கள். நானும் வருடக்கணக்காக அதே பிழைகளை விட்டவன்.

செபித்து முடித்ததும் மனம் லேசாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் அது தொடங்குகிறது. லேசானால் "இன்றைக்குச் செபம் நல்லாய் இருந்தது" என்கிறோம். ஆகாவிட்டால் கடவுள் கேட்கவில்லை என்று நினைத்து, அடுத்த நாள் செபமாலையை எடுக்கவே கை வராது. ஆனால் மனநிலை என்பது நித்திரை, பசி, கடன், காலநிலை எல்லாவற்றோடும் மாறுகிற ஒன்று. அதை வைத்துச் செபத்தை அளக்க முடியாது. மனம் வறண்டு இருண்டுபோகும் காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த அறிவுரை. கடற்றொழில் செய்கிறவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். இருட்டில் திசை மாறிப்போச்சு என்று மனம் பதறினாலும், கரையில் பார்த்துவைத்த வெளிச்சத்தை நம்பித்தான் படகை விடுவார்கள். எட்டு மணிக்குச் செபமாலை என்று முடிவெடுத்தால் எட்டு மணிக்குச் செபமாலைதான். நுளம்பு கடித்தாலும், மனம் மீன் விலையிலேயே நின்றாலும், சொல்லி முடியுங்கள். மனம் அலைந்தது என்று தெரிந்ததும் திரும்பி வந்தால் போதும்.

அடுத்த பிழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் அது ஆழமாக வேர்விட்டுவிட்டது. கடவுள் முன்னால் நல்ல பிள்ளையாக நடிப்பதைத்தான் சொல்கிறேன். நெஞ்சுக்குள் கோபம் கொதிக்கும், வாய் மட்டும் "உமது சித்தம் ஆகட்டும்" என்று சொல்லும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைக் கையில் ஏந்தி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் உட்காரத் தொடங்கிய தாய்மாரில் கத்தோலிக்கத் தாய்மாரும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "அதைக் கடவுளிட்டை விட்டிட்டு நிம்மதியாய் இருங்கோ" என்று சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் பிழை. கடவுளிடம் விடுவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யார் சொன்னது?

வேதாகமத்தில் திருப்பாடல்களைத் திறந்து பாருங்கள். 13ஆம் திருப்பாடல், இன்னும் எத்தனை காலம் ஆண்டவரே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. 88ஆம் திருப்பாடல் இன்னும் கடுமை. மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரிக்குத் திரும்பும். இது இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. திருச்சபை அதை ஒதுக்கவில்லை, இன்றைக்கும் செபிக்கிறது. சிலுவையில் இயேசுவே 22ஆம் திருப்பாடலின் முதல் வரியைத்தானே எடுத்தார்: "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அது விசுவாசம் இல்லாதவனின் கூக்குரல் என்று எவரும் சொல்லமாட்டோம். கைவிட்டாரோ என்று கேட்கும்போதும் 'என் இறைவா' என்றுதான் அழைக்கிறார். நம்பிக்கை அந்த அழைப்பில் இருக்கிறது.

உயிர்த்த பிறகு சீடர்களிடம் வந்ததையும் யோவான் நற்செய்தியில் பாருங்கள். பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்கள் நடுவே வந்து நின்று, "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்கிறார். சொன்ன கையோடு என்ன செய்தார்? கைகளையும் விலாவையும் காட்டினார். காயம் மறையவில்லை, மறைக்கவும் இல்லை. 2015 ஜனவரி 14இல் மன்னாரின் மடு மாதா கோவிலுக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ் கூட, போர் இந்த நாட்டின் இதயத்தைக் கிழித்ததையும் வடக்கிலும் தெற்கிலும் பலர் கொல்லப்பட்டதையும் அந்த மாதாவின் முன்னால் வெளிப்படையாகச் சொன்னார். எனவே இரவில் செபிக்க உட்காரும்போது உள்ளதைச் சொல்லுங்கள். "ஆண்டவரே, இன்றைக்கு உம்மோடு எனக்குக் கோபம்" என்பதும் செபம்தான். அழுகை வந்தால் அழுங்கள். பக்கத்தில் ஒருவர் அழுதால் ஆறுதல் வசனம் தேடி ஓடாமல் கூட இருங்கள்.

இதோடு ஒட்டிய பிழை ஒன்று: நல்லாய் நம்பினால் ஒன்றும் வராது, வந்துவிட்டால் ஏதோ பாவம் செய்திருக்கிறோம் என்ற கணக்கு. மடுவின் கதை தெரிந்த நாங்கள் இந்தக் கணக்கைப் போடக்கூடாது. ஒல்லாந்தரின் துன்புறுத்தலில் இருந்து தப்ப, 1670இல், மாந்தையில் இருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்தவர்கள்தான் மருதமடுவின் தொடக்கம். 1999 நவம்பரில் அதே கோவிலில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்து பலர் இறந்தார்கள். மாதாவின் மடியில் இருந்தவர்கள் அவர்கள். 2008 ஏப்ரலில் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில்தான் திரும்பி வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களை விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்னார். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "நாங்கள் என்ன பாவம் செய்தோம்" என்று தன்னையே குத்திக்கொண்டிருக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பகுதியை உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

நேர்த்திக்கு வருவோம். ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மடுவுக்கு நடந்து போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் நடந்திருக்கிறேன். நேர்த்தி என்பது கடவுளுக்கு மனமார, சுதந்திரமாகக் கொடுக்கும் வாக்கு. திருச்சபை அதை மதிக்கிறது. அது வியாபாரமாகும்போதுதான் கெடுகிறது. "மகளுக்கு விசா கிடைத்தால் நடந்து வாறன்" என்று சொல்லி, விசா கிடைக்காதபோது மாதாவோடு பேச்சை நிறுத்திவிட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். கேட்பது பிழையல்ல. கேட்ட பிறகு, "கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நான் உம்முடைய பிள்ளை" என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சொல்லுவது கடினம், முதல் கொஞ்ச நாள் தொண்டைக்குள் நிற்கும். இன்னொன்று: 20 பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று வட்ஸ்அப்பில் அந்தோனியார் பெயரில் வரும் செபங்களை யோசிக்காமல் அழித்துவிடுங்கள். பயமுறுத்துகிற எதுவும் அந்தோனியாரிடம் இருந்து வருவதில்லை.

தவக்காலத் தியானம் முடிந்து வருகிறபோது பெரிதாகத் தொடங்கிவிடுவதும் உண்டு. நாளுக்கு நான்கு செபமாலை, விடிய நான்கு மணிக்கு எழும்பி வேதாகமம், வெள்ளி முழுநாளும் ஒருசந்தி. இரண்டு கிழமையில் களைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடுவோம். பிறகு குற்ற உணர்வு வேறு. வேலைக்குப் போகிற ஒருவருக்கு மூவேளைச் செபம் நல்ல தொடக்கம். காலை, நண்பகல், மாலை என்று மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் போதும். கோவில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தால் மணியே நினைவூட்டும். இல்லாவிட்டால் போனில் அலாரம் வையுங்கள். வயலில் நின்றாலும் பஸ்ஸில் நின்றாலும் சொல்லலாம். அது கைவந்த பிறகு இரவில் செபமாலையின் ஒரு பத்து மட்டும். ஐந்து பத்துக்கும் பிறகு வரலாம். நாளைக்காகக் கவலைப்படாதீர்கள், அன்றன்றைய தொல்லை அன்றன்றைக்குப் போதும் என்று மத்தேயு நற்செய்தியில் படிக்கிறோமே, செபத்தையும் அப்படி ஒருநாள் அளவாக எடுத்தால் நின்று பிடிக்கும்.

கடைசியாகச் சொல்லப் போவது உயிரோடு சம்பந்தப்பட்டது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழ்ந்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம் வருகிறது என்றால், செபத்தைக் கூட்டினால் சரியாகும் என்று வீட்டுக்குள்ளே இருந்துவிடாதீர்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள், சுவாமியிடம் சொன்னது அவரைத் தாண்டிப் போகாது. அதே நேரம் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். மருத்துவரையும் ஆண்டவர்தான் படைத்தார், மருந்தையும் மண்ணில் இருந்து அவர்தான் தந்தார் என்று எங்கள் வேதாகமத்தில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. மனநலக் கிளினிக்குக்குப் போனால் சனம் என்ன சொல்லும் என்று பயந்து அம்மா இரண்டு வருடம் நித்திரையில்லாமல் கிடந்தார். அந்த இரண்டு வருடமும் நான் "செபியுங்கோ அம்மா" என்று மட்டும்தான் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒருநாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அம்மாவின் தலைமாட்டில் தங்கூசிச் செபமாலையும் மாத்திரை உறையும் ஒரே கிண்ணத்தில் கிடக்கின்றன. முதலில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு மாலையை எடுக்கிறார். சில நாளில் மூன்றாம் பத்துக்கு வருமுன்னமே நித்திரையாகிவிடுவார். மிச்சத்தை நான் சொல்லி முடிப்பேன்.