இடது பக்கம் சாய்ந்து நின்ற கார்

பழைய கார் வாங்கிய மறுநாள்தான் கவனித்தேன், வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்றார் ஒரு மெக்கானிக். எனக்கு ஒப்பவில்லை. வண்டியின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கத்தான் இருக்கிறது.

நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்து குழப்பும். வலதைவிட இடது பின்பக்கம் 22 மி.மீ., முன்பக்கம் 8 மி.மீ. தாழ்ந்திருந்தது.

கோளாறு முன்னாலா, பின்னாலா? பின்பக்கத்தை நட்டநடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். முன்பக்கம் இரண்டும் சமமாகிவிட்டன. கோளாறு முன்னால் இருந்தால் சாய்வு அப்படியே இருந்திருக்கும். அப்படியென்றால் குற்றவாளி பின்னால்தான்.

ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் முழுசாகத்தான் தெரிந்தது. ஸ்பிரிங்கின் அடிப்பகுதி உட்காரும் கிண்ணத்தில் படிந்த மண்ணை விரலால் வழித்ததும் அடியில் அரைச் சுற்று தனியாகக் கையோடு வந்தது. முறிந்த முகம் முழுக்கத் துரு. முறிந்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங்கையும் ஜோடியாக மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் திரும்பவும் சாயலாம். அப்புறம் முக்கியமான விஷயம்: புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்டுகளை வண்டி தரையில் நின்றபிறகே இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

இப்போது வித்தியாசம் 3 மி.மீ.தான்.